சும்மா கிடக்கிற யூசர்களை தானா லாக்அவுட் பண்றது எப்படி? (ஸ்கிரிப்ட் எழுதி வாங்கிக் கட்டிக்கிட்டேன்)

கரும்பலகை எழுதியது:

வணக்கம் மக்களே. ஒரு லினக்ஸ் சர்வர் என் பொறுப்புல இருக்கு, ஒரு 40 பேர் அவங்கவங்க மெஷின்ல இருந்து எஸ்எஸ்ஹெச் கனெக்ஷன் வழியா உள்ள வந்து வேலை பாக்குறாங்க. பாதி பேர் வெளிய போறதே இல்ல. யார் உள்ள இருக்காங்கன்னு காட்டுற டபிள்யூ கமாண்ட் அடிச்சா, எவ்ளோ நேரம் சும்மா இருக்காங்கன்னு காட்டுற ஐடில் காலம்ல 9 நாள், 12 நாள்னு நிக்குது, மெமரி வேற ரொம்பிக்கிட்டே போகுது. போன வாரம் ஒரு பொது மெஷின்ல யாரோ ரூட் ஷெல்லை (எல்லா அதிகாரமும் உள்ள யூசரோட கமாண்ட் திரை) அப்படியே திறந்து வெச்சிட்டு எழுந்து போயிட்டாங்க, அதை மேலிடம் பாத்துட்டு "15 நிமிஷம் சும்மா இருந்தா எல்லாரையும் வெளிய தள்ளு"ன்னு சொல்லிட்டாங்க.

நான் என்ன பண்ணேன், டபிள்யூ அவுட்புட்டை ஆக்ங்கற டூல்ல பிரிச்சு ஐடில் 15க்கு மேல இருந்தா அந்த ஷெல்லை கில் பண்ற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அப்பப்ப தானா ஓடுற மாதிரி கிரான்ல போட்டேன். முதல்ல சாதா கில் போட்டேன், ஒண்ணுமே ஆகல, பாஷ் ஷெல் அசையாம உக்காந்திருந்தது. சரின்னு கட்டாயமா சாகடிக்கிற கில் மைனஸ் 9 போட்டேன். அன்னிக்கு ராத்திரியே ஒருத்தரோட ரெண்டு நாள் சிமுலேஷன் காலி. இன்னொருத்தர் இப்பதான் டைப் பண்ணிட்டு இருந்தேன், என்னை ஏன் தூக்குனன்னு கேக்குறார். காலைல வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு. இதை ஒழுங்கா பண்ண என்ன வழி?

ஒத்தையடி_ஷெல் எழுதியது:

இதுக்கா இவ்ளோ? டிஎம்அவுட்னு ஒரு வேரியபிள் இருக்கு பாஸ். இடிசிக்குள்ள ப்ரொஃபைல் டி ஃபோல்டர்ல ஒரு ஃபைல் போட்டு டிஎம்அவுட்டுக்கு 900 குடுங்க, நொடிக்கணக்கு அது. ரீட்ஒன்லி, எக்ஸ்போர்ட் ரெண்டும் சேத்துப் போடுங்க, யாரும் மாத்த முடியாது, ஷெல்லுக்குள்ள இருந்து ஓடுற ப்ரோக்ராமுக்கும் போகும். 15 நிமிஷம் ப்ராம்ப்ட்ல (அடுத்த கமாண்டுக்காக ஷெல் காத்திருக்கிற வரி) எதுவும் அடிக்கலன்னா பாஷே "டைம்டு அவுட்"னு ஒரு வரி காட்டிட்டு வெளிய போயிடும். ஸ்கிரிப்ட் எல்லாம் தேவையே இல்ல. சிஐஎஸ் பெஞ்ச்மார்க்னு ஒரு பாதுகாப்பு வழிகாட்டி இருக்கே, அதுல கூட 900 இல்லன்னா அதுக்குக் கீழன்னுதான் இருக்கு.

பழைய_டெர்மினல் எழுதியது:

ஷெல் தம்பி சொல்றது சரி, ஆனா பாதிதான்.

டிஎம்அவுட் எண்றது ப்ராம்ப்ட்ல காத்திருக்கிற நேரத்தை மட்டும்தான். விம் எடிட்டரைத் திறந்து வெச்சிட்டுப் போனா, லெஸ்ல ஒரு லாக் ஃபைல் பாத்துட்டு அப்படியே விட்டா, சிஸ்டம் நிலவரத்தைக் காட்டிக்கிட்டே இருக்கிற டாப் ஓடிட்டு இருந்தா, ஷெல்லைப் பொறுத்தவரை அது இன்னும் ஒரு கமாண்ட் முடியுறதுக்காக காத்துக்கிட்டு இருக்கு, கடிகாரமே ஆரம்பிக்கல. 9 நாள் ஐடில்ல கிடக்கிற ஆளுங்க எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் இருப்பாங்க, போய்ப் பாருங்க. ப்ராம்ப்ட்ல நிக்கிற ஆளு மெமரியும் அவ்வளவா தின்னமாட்டார்.

ரீட்ஒன்லின்னா மாத்தவே முடியாதுன்னு நினைக்காதீங்க. அந்த தன்மை அடுத்த ப்ராசஸுக்குப் போகாது, மதிப்பு மட்டும்தான் போகும். என்வ் கமாண்ட்ல அந்த வேரியபிளை எடுத்துட்டு ப்ரொஃபைல், ஆர்சின்னு ஆரம்ப செட்டிங் ஃபைல் ரெண்டையும் படிக்காத ஒரு புது பாஷ் திறந்தா முடிஞ்சுது கதை. தெரியாம மறக்கிறவனை அது தடுக்கும், வேணும்னு பண்றவனை தடுக்காது.

எல்லாரும் பாஷ்லயே இருக்காங்கன்னும் நினைக்காதீங்க. டிசிஷெல்ல இதே வேலைக்கு ஆட்டோலாக்அவுட்னு தனி வேரியபிள், அங்க கணக்கு நிமிஷத்துல, 900ன்னு அப்படியே காப்பி பண்ணா 15 மணி நேரம் ஆயிடும். இசட்ஷெல்ல டிஎம்அவுட் இருக்கு, ஆனா அலாரம் சிக்னல் வந்தா ஓட யூசர் ஒரு ட்ராப் எழுதி வெச்சிருந்தா வெளிய போகாம அந்த ட்ராப்பை ஓட்டும். ப்ராம்ப்ட்ல கடிகாரம் ஓட வைக்கணும்னு டிஎம்அவுட்டை 1ன்னு வெச்சு விளையாடுற ஆளுங்க இருக்காங்க, நீங்க அதைப் பூட்டினா முதல் கம்ப்ளெயின்ட் அவங்ககிட்ட இருந்துதான் வரும்.

அப்புறம் சாதா கில்லுக்கு பாஷ் ஏன் சாகல? அது போற சிக்னல் டெர்ம். ப்ராம்ப்ட் குடுக்கிற பாஷ் டெர்மை கண்டுக்காது, அது அப்படித்தான் எழுதப்பட்டிருக்கு. அனுப்ப வேண்டியது ஹப். ஹேங்கப், அதாவது மோடம்ல போனை வெச்சுட்டாங்கன்னு சொல்ற சிக்னல், போன் லைன்ல சர்வருக்கு வந்த காலத்துப் பேரு அது, சும்மா இருக்கிற ஒரு ஆளு ஒரு லைனையே அடைச்சுக்கிட்டு இருப்பார், அடுத்த ஆளு உள்ள வரவே முடியாது, அதனால அப்ப தூக்கி விட்டாகணும். இப்ப லைன் பஞ்சம் இல்ல. அதனாலதான் கேக்குறேன், நீங்க எதுக்காக தூக்குறீங்க? ரூட் ஷெல்லுக்காகவா, மெமரிக்காகவா? ரெண்டுக்கும் மருந்து வேற வேற.

ஹப் அனுப்பினா பாஷ் ஹிஸ்டரியை எழுதிட்டுப் போகும், விம் ஸ்வாப் ஃபைலை காப்பாத்தி வெச்சுட்டுத்தான் சாகும், நானோ கூட டாட் சேவ்னு ஒரு காப்பி விட்டுட்டுப் போகும். மைனஸ் 9 அடிச்சா யாருக்கும் மூச்சு விட நேரம் இல்ல. அதை கடைசிக்கும் கடைசியா வெச்சுக்கோங்க.

நள்ளிரவு_கிரான் எழுதியது:

டிஎம்அவுட்டை எக்ஸ்போர்ட் பண்ணாதீங்க. பண்ணாதீங்க. என் கதையைக் கேளுங்க.

நானும் அப்படியே ப்ரொஃபைல் டில எக்ஸ்போர்ட் போட்டு 600 வெச்சேன். ரெண்டு மாசம் அமைதி. ஒரு நாள் ஒரு பெரிய டைரக்டரி மைக்ரேஷன், கையால ஓட்டுற ஸ்கிரிப்ட், ஒரு ப்ரோக்ராம் லிஸ்ட் குடுக்கும், அதை பைப்ல வாங்கி வைல் ரீட்னு லூப்ல ஒவ்வொண்ணா காப்பி பண்ணும். லிஸ்ட் குடுக்கிற பக்கம் ஒரு மெதுவான டிஸ்க்ல மாட்டி 10 நிமிஷத்துக்கு மேல எதுவும் குடுக்கல. லூப் நைஸா முடிஞ்சிடுச்சு. எர்ரர் கிடையாது, கடைசில "முடிந்தது"ன்னு நானே எழுதின மெசேஜ் வேற பளிச்சுன்னு வந்துச்சு. பாதி ஃபைல் வரலன்னு மூணு நாள் கழிச்சுதான் தெரிஞ்சது.

காரணம் என்னன்னா பாஷ்ல டிஎம்அவுட் ப்ராம்ப்ட்டுக்கு மட்டும் இல்ல, இன்புட் வாங்குற ரீட் பில்ட்இன்னுக்கும் அதுதான் டீஃபால்ட் டைம்அவுட். டெர்மினல்ல இருந்து படிச்சாலும் சரி பைப்ல இருந்து படிச்சாலும் சரி, சாதா ஃபைல்னா மட்டும் விட்டுடும். செலக்ட் மெனுவும் அப்படியே கைவிட்டுடும். எக்ஸ்போர்ட் பண்ணியிருந்தா உங்க ஷெல்ல இருந்து ஓடுற எல்லா பாஷ் ஸ்கிரிப்டுக்கும் அது போகும். மேன் பேஜ்ல, அதான் மேனுவல்ல, தெளிவா எழுதியிருக்கு, யார் படிக்கிறா.

ஒத்தையடி_ஷெல் எழுதியது:

அய்யோ இது எனக்கே தெரியாது. என் மெஷின்ல இப்பவே டிஎம்அவுட்டை 5ன்னு வெச்சு ஒரு சின்ன லூப் போட்டுப் பாத்தேன், ஸ்லீப் 10 குடுத்த உடனே லூப் முடிஞ்சு போச்சு. ஆறு வருஷமா எக்ஸ்போர்ட் போட்டு வெச்சிருக்கேன். சரி, நான் சொன்னதுல எக்ஸ்போர்ட்டை அடிச்சுடுங்க பாஸ். அப்படி எடுத்தா உள்ளுக்குள்ள இன்னொரு பாஷ் திறந்தா அதுக்கு கிடைக்காதே, அதுக்கு என்ன?

நள்ளிரவு_கிரான் எழுதியது:

எல்லாருக்கும் பொதுவான பாஷ் ஆர்சி ஃபைல்ல எழுதுங்க, ப்ராம்ப்ட் உள்ள ஷெல்லுங்க அதைப் படிக்கும், ஸ்கிரிப்ட் படிக்காது. ஆனா ப்ரொஃபைல்லயும் ஆர்சிலயும் ரெண்டு இடத்துலயும் ரீட்ஒன்லின்னு எழுதி, ஒண்ணு இன்னொண்ணை கூப்பிட்டா, லாகின் பண்ணும்போதெல்லாம் "ரீட்ஒன்லி வேரியபிள்"னு ஒரு எர்ரர் வரி வரும். அதைப் பாத்து சர்வர் ஹேக் ஆயிடுச்சான்னு கேட்ட யூசர் எங்கிட்ட உண்டு.

தூங்காத_டீமன் எழுதியது:

ஷெல்லையே தொடாம எஸ்எஸ்ஹெச்டி (சர்வர் பக்க எஸ்எஸ்ஹெச் ப்ரோக்ராம்) கான்ஃபிக்ல பண்ணலாமே? கிளையன்ட் அலைவ் இன்டர்வல் 900, கிளையன்ட் அலைவ் கவுண்ட் மேக்ஸ் 0. நிறைய ஹார்டனிங் (பாதுகாப்பை இறுக்குற) கைடுல இதுதான் இருக்கு.

பழைய_டெர்மினல் எழுதியது:

அந்த கைடெல்லாம் பழசு டீமன் தம்பி. கிளையன்ட் அலைவ் என்றது ஆளு சும்மா இருக்காரான்னு பாக்கிறது இல்ல, எதிர்பக்க மெஷின் உயிரோட இருக்கான்னு தட்டிப் பாக்கிறது. அதுக்கு பதில் சொல்றது எஸ்எஸ்ஹெச் கிளையன்ட் ப்ரோக்ராம், மனுஷன் இல்ல. அவர் தூங்கிட்டு இருந்தாலும் லேப்டாப் "இருக்கேன்"னு சொல்லிக்கிட்டே இருக்கும், கனெக்ஷன் அறுபடாது.

கவுண்ட் மேக்ஸை 0 வெச்சா ஐடில் டைம்அவுட் மாதிரி வேலை செஞ்சது உண்மைதான், ஆனா அது ஒரு பக்கவிளைவு. 2020ல வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.2ல அதை மாத்திட்டாங்க, இப்ப 0ன்னா அறுக்கவே அறுக்காதேன்னு அர்த்தம். நீங்க நினைச்சதுக்கு நேர் எதிர். ஆடிட் ஷீட்ல டிக் விழும், உண்மைல ஒண்ணும் நடக்காது.

நிஜமாவே ஐடில் பாத்து அறுக்கணும்னா 2023ல வந்த 9.2ல சேனல் டைம்அவுட்னு ஒண்ணு சேத்திருக்காங்க, செஷன் சேனல்ல ரெண்டு பக்கமும் டேட்டா போகலன்னா மூடிடும். டாப் ஓடிட்டு இருந்தா டேட்டா போய்க்கிட்டே இருக்குமே, அதனால அதை மூடாது. சேனல் மூடினாலும் உள்ள ஓடுற ப்ராசஸ் எல்லாம் போயிடும்னு உத்தரவாதம் இல்லன்னு மேன் பேஜே சொல்லுது. கூடவே அன்யூஸ்டு கனெக்ஷன் டைம்அவுட்னு ஒண்ணு, சேனலே இல்லாம தொங்குற கனெக்ஷனுக்கு.

மீனா_டெல்டா எழுதியது:

நான் அட்மின் இல்ல, தூக்கி எறியப்படுற பக்கத்துல இருக்கிற ஆளு. ஒண்ணு கேக்கலாமா? நான் ஒரு ஜாப் ஓட விட்டுட்டு அரை மணி நேரம் பேப்பர்ல கணக்கு போடுறேன். உங்க கம்ப்யூட்டருக்கு நான் சும்மா இருக்கேன். எனக்கு நான் வேலை செஞ்சிட்டு இருக்கேன். திரும்பி வந்தா ஸ்க்ரீன்ல இருந்த எர்ரர் மெசேஜ், நான் எந்த டைரக்டரில இருந்தேன், எக்ஸ்போர்ட் பண்ணி வெச்ச வேரியபிள் எல்லாம் போச்சு. ஒரு நாளைக்கு இது அஞ்சு தடவை. என்ன பண்ணுவேன்? ஒரு டாப் ஓட விட்டுட்டுப் போவேன். நாங்க எல்லாரும் இதைத்தான் பண்றோம், உங்க சர்வர்ல இவ்ளோ டாப் ஏன் ஓடுதுன்னு யோசிச்சதுண்டா?

பூட்டிட்டுப் போன்னு சொல்லுங்க, நியாயம். ஏன் தூக்கி வெளிய போடணும்?

பழைய_டெர்மினல் எழுதியது:

மீனாம்மா கேக்குறது ரொம்ப சரியான கேள்வி. கரும்பலகை, உங்க மேலிடத்துக்கு அந்த 15 நிமிஷம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க. கார்டு பணப்பரிமாற்றம் பண்றவங்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ்ல இதே 15 வருது, ஆனா அதுல லாக்அவுட் பண்ணுன்னு எழுதல. 15 நிமிஷத்துக்கு மேல செஷன் சும்மா இருந்தா அதைத் திரும்ப உயிர்ப்பிக்க யூசர் மறுபடியும் தன்னை நிரூபிக்கணும், அவ்ளோதான். பாஸ்வேர்ட் கேக்கிற பூட்டு இருந்தா போதும். வாய்வழியா வரும்போது பூட்டு வெளியேத்துறதா மாறிடுது.

டிமக்ஸ்னு ஒரு டூல், கனெக்ஷன் அறுந்தாலும் உள்ள வேலையை ஓட விடும், அதுல லாக் ஆஃப்டர் டைம்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, நொடிக்கணக்குல குடுத்தா அப்புறம் லாக் கமாண்டை ஓட்டும், லினக்ஸ்ல அங்க பாஸ்வேர்ட் கேக்கிற விலாக்கை மாட்டிக்கலாம். வேலை உள்ள ஓடிக்கிட்டே இருக்கும், ஸ்க்ரீன் மட்டும் பூட்டு.

கரும்பலகை எழுதியது:

நன்றி மக்களே, ஒரு நாள்ல இவ்ளோ வரும்னு நினைக்கல. மேலிடத்துகிட்ட கேட்டேன். "எல்லா இடத்துலயும் 15தானே"ன்னு பதில். நமக்கு பிசிஐ எதுவும் கிடையாது.

மீனா சொன்னதை வெச்சு போய்ப் பாத்தேன். ஐடில்ல கிடக்கிற 23 செஷன்ல 11ல டாப். சிரிக்கிறதா அழுறதா தெரியல.

ஒரு சந்தேகம். என் ஸ்கிரிப்ட் ஒருத்தரை டைப் பண்ணிட்டு இருக்கும்போதே தூக்குச்சே, அது எப்படி?

நள்ளிரவு_கிரான் எழுதியது:

டபிள்யூவோட ஐடில் காலத்தை எப்படிப் படிச்சீங்க? அது மனுஷன் படிக்க எழுதினது, ஸ்கிரிப்ட் படிக்க இல்ல. ஒரு நிமிஷத்துக்குள்ளன்னா கடைசில எஸ் போட்டு 5.00ன்னு காட்டும். ஒரு மணிக்குள்ளன்னா 12:30ன்னு, அது 12 நிமிஷம் 30 நொடி. அதுக்கு மேல போனா 3:14 போட்டு ஒரு எம் ஒட்டும், இது 3 மணி 14 நிமிஷம். ரெண்டு நாள் தாண்டினா டேஸ்னு மாறிடும். நீங்க முதல் நம்பரை மட்டும் எடுத்து 15க்கு மேலயான்னு பாத்திருந்தா, 20 நொடி முன்னாடி டைப் பண்ணின ஆளு 20.00ன்னு காட்டி மாட்டியிருப்பார், 3 மணி நேரம் காணாமப் போனவர் 3ன்னு காட்டி தப்பிச்சிருப்பார்.

கரும்பலகை எழுதியது:

அதேதான் பண்ணியிருக்கேன். தரைல புதைஞ்சிடலாம் போல இருக்கு.

தூங்காத_டீமன் எழுதியது:

புதையாதீங்க அண்ணே, நானும் இப்பதான் கவுண்ட் மேக்ஸ் 0ல புதைஞ்சு எழுந்தேன். டபிள்யூவை விட்டுட்டு நேரா டிடிஒய் ஃபைலை, அதாவது அந்த டெர்மினலுக்கான ஃபைலை, ஸ்டாட் கமாண்ட்ல பாருங்க, டெவ் பிடிஎஸ்க்குள்ள இருக்கும். அதோட ஏடைம் எப்ப கடைசியா இன்புட் படிச்சதோ அது, எம்டைம் எப்ப கடைசியா அவுட்புட் எழுதினதோ அது. டபிள்யூவும் ஏடைமைத்தான் பாக்குது. அதனாலதான் பெரிய கம்பைல் வரி வரியா ஓடிக்கிட்டு இருந்தாலும் ஐடில்னு காட்டுது, விரல் கீபோர்ட்ல படல அவ்ளோதான். நொடிக்கு நொடி சரியா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க, லினக்ஸ் 2013ல இருந்து அந்த நேரத்தை 8 நொடிக்கு ஒரு தடவைதான் மாத்துது. அடுத்தவர் கீ அடிக்கிற இடைவெளியை அளந்து பாஸ்வேர்டை ஊகிக்க முடியும்னு அடைச்ச ஓட்டை அது. 15 நிமிஷக் கணக்குக்கு 8 நொடி ஒண்ணும் இல்ல.

ஃபைல் அனுப்புற எஸ்எஃப்டிபி, டனல் மட்டும் போட்டு வெச்சிருக்கிறவங்க, இவங்களுக்கு டிடிஒய்யே கிடையாது, டபிள்யூலயும் பொதுவா வரமாட்டாங்க.

ஜன்னலோரம் எழுதியது:

விண்டோஸ் பக்கத்துல இருந்து ஒரு குரல். பொது லேப்ல இதே தலைவலி எங்களுக்கும், ஒருத்தர் பூட்டிட்டுப் போவார், அடுத்தவர் ஸ்விட்ச் யூசர் அழுத்தி உள்ள வருவார், சாயந்திரம் பாத்தா ஒரே மெஷின்ல ஆறு செஷன், மெமரி காலி. ரிமோட் டெஸ்க்டாப் சர்வர்ல க்ரூப் பாலிசில ஐடில் லிமிட் தனி, டிஸ்கனெக்ட் ஆன செஷனை முடிக்கிற லிமிட் தனி. இது ரெண்டும் வேற வேறன்னு புரிய எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. முதல்ல அரை மணில டிஸ்கனெக்ட், ப்ரோக்ராம் எல்லாம் அப்படியே ஓடும், திரும்ப வந்தா விட்ட இடம். அப்புறம் 8 மணி நேரமும் யாரும் திரும்ப வரலன்னா லாக்ஆஃப். அதுக்கப்புறம் சண்டை நின்னுது. மீனா அவங்க கேக்கிற பூட்டு அந்த முதல் படிதான்.

ஒத்தையடி_ஷெல் எழுதியது:

அப்ப லினக்ஸ்ல அதே ரெண்டு படின்னா டிமக்ஸ்தான். எல்லாரும் டிமக்ஸுக்குள்ள வேலை பாக்கட்டும், வெளில கனெக்ஷனை எப்ப வேணா அறுக்கலாம்.

பழைய_டெர்மினல் எழுதியது:

ஆமா, ஆனா ரெண்டு இடத்துல தடுக்கும். டிமக்ஸ் பேன்ல (திரையைப் பிரிச்ச ஒரு துண்டு) இருக்கிறதும் பாஷ்தான், டிஎம்அவுட் அங்கயும் ஓடும். ராத்திரி நாலு பேன் விட்டுட்டுப் போனவர் காலைல வந்தா சும்மா இருந்த பேன் ஒவ்வொண்ணா மறைஞ்சிருக்கும், டிமக்ஸ் க்ராஷ் ஆயிடுச்சுன்னு உங்ககிட்ட வருவார். டிமக்ஸ்னு ஒரு வேரியபிள் உள்ள செட் ஆகியிருக்கும், அது இருந்தா டிஎம்அவுட் போடாதேன்னு ஆர்சில எழுதுங்க.

இன்னொண்ணு சிஸ்டம்டி, லினக்ஸ்ல சர்வீஸ், செஷன் எல்லாத்தையும் கவனிக்கிறது. 2016ல வெர்ஷன் 230ல கில் யூசர் ப்ராசஸஸை டீஃபால்ட்டா ஆன் பண்ணினாங்க, லாக்அவுட் ஆனா டிமக்ஸ், ஸ்க்ரீன், நோஹப் எல்லாத்தையும் சேத்து வாரிக்கிட்டுப் போச்சு, அப்ப நடந்த சண்டை இருக்கே, அதுக்கே தனி இழை வேணும். டெபியன் அதை ஆஃப் பண்ணித்தான் குடுத்தது. உங்க மெஷின்ல என்ன இருக்குன்னு, லாகினை கவனிக்கிற லாகின்டி கான்ஃபிக்ல பாத்துக்கோங்க. ஆன்ல இருந்தா யூசருக்கு லிங்கர் (வெளிய போனாலும் அவரோட சர்வீஸை ஓட விடுறது) எனேபிள் பண்ணி, டிமக்ஸை சிஸ்டம்டி ரன் யூசர் ஸ்கோப்ல ஓட்டணும். 252ல இருந்து ஸ்டாப் ஐடில் செஷன் செக்னு லாகின்டியே ஐடில் செஷனை மூடுற ஆப்ஷனும் வந்தாச்சு, அதை போடுறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் மெஷின்ல உங்க டிமக்ஸ் பிழைக்குதான்னு பாருங்க.

மெமரிக்கு லாக்அவுட் மருந்தே இல்ல கரும்பலகை. சும்மா கிடக்கிற பாஷ் சில எம்பிதான், தின்றது எங்கயோ மறந்து விட்ட, கோட் ஓட்டுற நோட்புக் இல்லன்னா டேட்டா லோட் பண்ணி வெச்ச பைதான். ஒருத்தரோட எல்லா ப்ராசஸையும் சிஸ்டம்டி ஒண்ணா சேத்து வெக்கிற யூசர் ஸ்லைஸுக்கு மெமரி மேக்ஸ் வெச்சா ஒருத்தர் எவ்ளோ தின்னாலும் அவரோட எல்லைக்குள்ளதான்.

கரும்பலகை எழுதியது:

ரெண்டு வாரம் கழிச்சு வந்து சொல்றேன், கேட்டுட்டு ஓடிப் போனவன்னு இருக்கக்கூடாது.

ரூட்டுக்கு டிஎம்அவுட் 300, பேச்சுக்கே இடம் இல்ல, அதுக்குத்தானே எல்லாம் ஆரம்பிச்சது. மத்தவங்களுக்கு ஆர்சில 1800, எக்ஸ்போர்ட் இல்ல, டிமக்ஸுக்குள்ள கிடையாது. டிமக்ஸ்ல 15 நிமிஷத்துல பூட்டு, அந்த 15ஐக் காட்டி மேலிடத்தை சமாதானப்படுத்திட்டேன். மெமரி மேக்ஸ் போட்ட அன்னிக்கே ரெண்டு பேரோட நோட்புக் செத்துப் போச்சு, அவங்களுக்கே அது ஓடிக்கிட்டு இருந்தது தெரியாது.

பழைய ஸ்கிரிப்டை தூக்கிட்டு புதுசா எழுதினேன். டிடிஒய்யோட ஏடைம் பாக்கும், 12 மணி நேரம் தாண்டியிருந்தா முன்னாடி ஓடுறது என்னன்னு பாக்கும், டாப், லெஸ், எடிட்டர், வெறும் ஷெல் இதுல ஒண்ணுன்னா மட்டும் கை வைக்கும், வேற எதுன்னாலும் விட்டுட்டு எனக்கு ஒரு மெயில். கை வைக்கிறதுக்கு முன்னாடி அந்த டெர்மினல்ல ஒரு எச்சரிக்கை எழுதி 10 நிமிஷம் காத்திருக்கும், அப்புறம் ஹப். முதல் வாரம் ஹப் அனுப்பாம லாக்ல மட்டும் எழுத விட்டேன், ரெண்டு தப்பு அதுலயே மாட்டுச்சு.

ஒரே ஒருத்தர் ஸ்மார்ட்டா வைல் லூப்ல நிமிஷத்துக்கு ஒரு புள்ளி ப்ரிண்ட் பண்ண விட்டுட்டுப் போனார். ப்ராம்ப்ட்ல இல்லாததால டிஎம்அவுட் தொடல. ஆனா புள்ளி போறது எம்டைம்ல, என் ஸ்கிரிப்ட் பாக்குறது ஏடைமை. எக்கோவும் ஸ்லீப்பும் மட்டும் ஓடுற லூப்புங்கறதால அது வெறும் ஷெல் கணக்குலதான் வந்துச்சு. நேத்து ராத்திரி போயிட்டார்.

மீனா_டெல்டா எழுதியது:

பாவம். அவர் இனி கீபோர்ட் பக்கம் இருந்து யோசிப்பார், மனுஷனுக்குப் பதிலா டைப் பண்ற எக்ஸ்பெக்ட் டூல் வெச்சு உள்ளுக்குள்ளயே ஒரு ஷெல் திறந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பேஸ் அனுப்பினா அந்த உள் ஷெல்லோட டிடிஒய் ஏடைமும் மாறும். நான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லாதீங்க.

கரும்பலகை எழுதியது:

இன்னிக்கு காலைல ஒரு டிக்கெட் வந்திருக்கு. சர்வர்ல எக்ஸ்பெக்ட் பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ணித் தர முடியுமான்னு.